லேப்டாப்பில் இடம் போதலையா? குறைந்த செலவில் இடம் பெருக்குவோம்!



போன மார்ச் மாதம். ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். கூட்டமைப்பு அலுவலகத்தில் கணக்காளர் தங்கச்சி லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால், "இடம் இல்லை" என்று திரையில் எழுத்து வருகிறது. புதுக் கோப்பு எதையும் சேமிக்க முடியவில்லை. "லேப்டாப் நிறைஞ்சு போச்சுக்கா, என்ன பண்றது?" என்று கேட்டாள்.

நாங்களும் அவசரப்பட்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை ஒன்றில் "2 டிபி பென் டிரைவ், 500 ரூபாய்தான்" என்று ஒருவர் வாங்கி வந்தார். மூன்று வருஷத்துக் கூட்டப் படங்கள், ஸ்கேன் செய்த கடன் விண்ணப்பங்கள், 14 குழுக்களின் சேமிப்புப் பேரேடு எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினோம். காப்பி செய்யவில்லை, "கட்" செய்தே மாற்றினோம். லேப்டாப்பில் இடம் கிடைத்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பென் டிரைவைத் திறந்தோம். கோப்புகளின் பெயர் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை.

குழுக்களில் கையால் எழுதிய பேரேடுகள் பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம். ஊக்குநர்கள் பேரேடுகளைத் தூக்கி வந்தார்கள். கணக்காளர் மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி ஏற்றினாள். ஆனால் அந்த நாட்களில் ஒரு குழுவிலிருந்து எங்களைத் தேடி ஒரு பையன் வந்தான். அவன் அம்மா நம் குழுவில் பத்து வருஷ உறுப்பினர், அப்போதுதான் காலமாகியிருந்தார். "அம்மா கடன் காசோலை வாங்கின படம் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. எங்ககிட்ட அம்மா சிரிச்ச மாதிரி வேற படமே இல்ல" என்றான். அந்தப் படமும் அந்தப் பென் டிரைவில்தான் இருந்தது. கணக்கை மறுபடி எழுதி விட்டோம். படத்தை எதை வைத்து எழுதுவது?

தவறு எங்களுடையது. அதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், இன்று பல குழு உறுப்பினர் வீடுகளில் பிள்ளைகளுக்கு லேப்டாப் இருக்கிறது. பல ஊராட்சிக் கூட்டமைப்புகளிலும் கணக்கு லேப்டாப்பில்தான் நடக்கிறது. இடம் போதாத பிரச்சனை எல்லோருக்கும் வரும். அதைக் குறைந்த செலவில், இழப்பு இல்லாமல் எப்படிச் சரி செய்வது என்று இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் நிறைகிறது?

மெல்லிய லேப்டாப் கையில் எடுத்துப் போக வசதி. விலையும் குறைவு. ஆனால் விலை குறைந்த மெல்லிய லேப்டாப் பலவற்றில் சேமிப்பு இடம் 64 ஜிபி அல்லது 128 ஜிபிதான். இது ஒற்றை அறை வீடு மாதிரி. கட்டில், பீரோ போட்டதுமே பாதி அறை போய்விடும்.

64 ஜிபி என்று எழுதியிருந்தாலும் திறந்து பார்த்தால் 59 ஜிபி அளவுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 என்று எண்ணுகிறது. அதனால் வரும் வித்தியாசம் இது. 128 ஜிபி 119 ஆகத் தெரியும். 1 டிபி 931 ஜிபியாகத் தெரியும். விண்டோஸ் 11 போடுவதற்கே குறைந்தது 64 ஜிபி உள்ள கம்ப்யூட்டர் வேண்டும் என்று அதைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அப்படியானால் 64 ஜிபி லேப்டாப்பில் நமக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

இப்போது வட்டிக் கணக்கு போடுவது போல ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கூட்டமைப்பில் 40 குழுக்கள். மாதம் ஒரு கூட்டத்துக்கு 5 படம். மொத்தம் 200 படம். செல்போனில் எடுத்த ஒரு படம் சுமார் 4 எம்பி என்று வைத்தால் மாதம் 800 எம்பி. வருஷத்துக்கு 9,600 எம்பி, அதாவது ஏறக்குறைய 9 ஜிபிக்கு மேல். இது படம் மட்டும். வீடியோ சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

முதல் வழி: செலவே இல்லாமல் பெருக்குவது

வீட்டில் இடம் இல்லை என்றால் உடனே புது அறையா கட்டுகிறோம்? முதலில் பெருக்கிச் சுத்தம் செய்கிறோம். லேப்டாப்புக்கும் அதேதான்.

செட்டிங்ஸ் போய், சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்று பாருங்கள். எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். பிறகு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

• ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். அழித்த கோப்பு அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

• டவுன்லோட்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். ஒரே அரசாணையை ஐந்து தடவை இறக்கி வைத்திருப்போம். ஒன்று போதும்.

• வாட்ஸ்அப்பில் வந்த குட் மார்னிங் படங்கள், பாட்டு வீடியோக்கள் கூட்டமைப்பு லேப்டாப்பில் எதற்கு? பார்த்து அழியுங்கள்.

• பயன்படுத்தாத விளையாட்டு, மென்பொருள் இருந்தால் நீக்குங்கள்.

• ஸ்டோரேஜ் பக்கத்தில் உள்ள டெம்பரரி ஃபைல்ஸ் என்பதைத் திறந்தால் தேவையற்றவற்றை மொத்தமாக அழிக்கலாம். கவனம்! அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்பதும் வரும். அதற்கு டிக் போட்டால் உள்ளே இருக்கிற முக்கியமான கோப்பும் சேர்ந்து போய்விடும்.

எவ்வளவு நெருக்கடி வந்தாலும் லேப்டாப்பில் 10 ஜிபியாவது காலியாக விட்டு வையுங்கள். விண்டோஸ் அப்டேட் வரும்போது அதற்கு இடம் வேண்டும்.

இரண்டாவது வழி: பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ, கல்லூரி படித்த நம் பிள்ளைகள் பலர் அதில் வாங்கினார்கள். இன்று அவற்றில் பல, திரை போய், பேட்டரி போய் பரண் மேல் கிடக்கின்றன. "இது உதவாது" என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டு விடாதீர்கள். லேப்டாப் செத்துப் போனாலும் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் பல நேரம் உயிரோடுதான் இருக்கும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கொடுத்து அதைக் கழற்றச் சொல்லுங்கள். "2.5 இன்ச் சாட்டா ஹார்டு டிஸ்க் கேசிங், யுஎஸ்பி 3.0" என்று கேளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஹார்டு டிஸ்க்கை அதற்குள் போட்டு மூடினால் வெளியில் செருகும் ஹார்டு டிஸ்க் தயார். பழைய டிஸ்க் என்பதால் பல நூறு ஜிபி இடம் கேசிங் விலையிலேயே கிடைத்து விடும்.

இதில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கடையில் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு, உள்ளே பிள்ளையின் பழைய படம், சான்றிதழ் இருந்தால் எடுத்து வைத்த பிறகுதான் அழிக்க வேண்டும். மூன்று, அது வயதான பொருள். ஒரு கூடுதல் காப்பி வைக்கலாம். அதை மட்டும் நம்பக் கூடாது.

மூன்றாவது வழி: மெமரி கார்டு

மெல்லிய லேப்டாப் பலவற்றில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். செல்போனுக்குப் போடும் அதே மைக்ரோ எஸ்டி கார்டை அதில் போடலாம். போட்டால் வெளியே நீட்டிக்கொண்டு இருக்காது. பஸ்ஸில் எடுத்துப் போகும்போது இடித்து உடையாது. படங்கள், பயிற்சி வீடியோக்கள் வைக்க ஏற்ற வழி இது. கார்டின் மேல் வட்டத்துக்குள் 10 என்றோ, யு என்ற எழுத்துக்குள் 1 என்றோ போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது வேகத்தின் அளவு.

தினமும் கணக்கு ஏற்றுகிற மென்பொருளையும் அதன் கோப்பையும் கார்டில் வைத்து ஓட்டாதீர்கள். அது லேப்டாப்பிலேயே இருக்கட்டும்.

நான்காவது வழி: பென் டிரைவ்

மெல்லிய லேப்டாப்பில் சில நேரம் சாதாரண யுஎஸ்பி துளை ஒன்றுதான் இருக்கும். ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் டைப் சி என இரண்டு முனை உள்ள பென் டிரைவ் வாங்கினால், டைப் சி துளை உள்ள செல்போனிலும் செருகலாம், லேப்டாப்பிலும் செருகலாம். கூட்டப் படங்களை நெட் செலவில்லாமல் மாற்றி விடலாம்.

யுஎஸ்பி 3.0 என்று கேட்டு வாங்குங்கள். பழைய 2.0-வை விட வேகம் அதிகம். பெரிய வீடியோ ஒன்று 4 ஜிபிக்கு மேல் இருந்து, பென் டிரைவ் ஏற்க மறுத்தால் அது கெட்டுப் போனதென்று நினைக்காதீர்கள். ஃபேட் 32 என்ற முறையில் உள்ள டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மெட் செய்தால் சரியாகி விடும்.

ஐந்தாவது வழி: புது ஹார்டு டிஸ்க்

செலவு கூடுதல்தான். ஆனால் ஒரு ஜிபிக்கு எவ்வளவு விலை என்று வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் மலிவு. கூட்டமைப்புக்கு 1 டிபி வாங்கினால் பல வருஷம் ஓடும். உள்ளே தட்டு சுற்றுகிற வகை என்பதால் ஓடும்போது அசைக்கவோ கீழே போடவோ கூடாது. எஸ்எஸ்டி என்ற வகையில் சுற்றும் பாகம் இல்லை. அதிர்ச்சி தாங்கும், வேகமும் அதிகம். விலை கூடுதல்.

சில லேப்டாப்பில் உள்ளேயே பெரிய எஸ்எஸ்டி மாற்றலாம். எல்லாவற்றிலும் முடியாது. இஎம்எம்சி என்ற சிப் இருந்தால் அதைப் பலகையோடு சேர்த்துப் பற்ற வைத்திருப்பார்கள், கழற்ற முடியாது. எம்.2 என்ற துளை இருந்தால் மாற்றலாம். அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. வகை மாறினால் வேலை செய்யாது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைக் காட்டிக் கேட்ட பிறகே வாங்குங்கள். வாரண்டி காலம் முடியவில்லை என்றால் வெளியாட்களிடம் திறக்கக் கொடுக்காதீர்கள்.

ஆறாவது வழி: கூகுள் டிரைவ்

ஒரு ஜிமெயில் கணக்குக்கு 15 ஜிபி வரை இலவசம். மெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் சேர்த்துத்தான் இந்த 15. முன்பு அளவு குறைத்துச் சேமித்த படங்கள் கணக்கில் வராமல் இருந்தன. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் அந்தப் படங்களும் கணக்கில் சேர்கின்றன. பேரேடு, தீர்மான நகல், தணிக்கை அறிக்கை இவற்றுக்கு இந்த இடமே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கணக்கைக் கூட்டமைப்பின் பெயரில் தொடங்குங்கள். பல இடங்களில் கணக்காளரின் சொந்த நம்பரில் தொடங்கி விடுகிறார்கள். அவர் கல்யாணமாகிப் போனதும் சாவி இல்லாத பூட்டு மாதிரி ஆகி விடுகிறது. பொறுப்பாளர்கள் மாறும்போது பாஸ்வேர்டையும், அதோடு இணைத்த போன் நம்பரையும் மாற்றித் தீர்மானப் புத்தகத்தில் மாற்றிய விவரத்தை எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். இரண்டு வருஷம் யாருமே திறக்காத கணக்கை கூகுள் அழிக்கலாம். எனவே மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாங்கள் ஏமாந்த கதைக்கு வருவோம். அந்தப் பென் டிரைவின் உள்ளே இருக்கும் உண்மையான இடம் மிகக் குறைவு. ஆனால் "2 டிபி" என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும்படி சிப்பில் எழுதி விடுகிறார்கள். உழக்கு பிடிக்கிற பாத்திரத்தில் மரக்கால் என்று எழுதி விற்பது போல. உழக்குக்கு மேல் ஊற்றியது வழிந்து போகும். ஆனால் ஊற்றினவருக்கு அது தெரியாது. கோப்பின் பெயர் மட்டும் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இதைத் தவிர்க்க:

• மற்ற கடைகளில் அதே அளவுக்கு என்ன விலை என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். பத்தில் ஒரு பங்கு விலைக்கு யாரும் நல்ல பொருள் தர மாட்டார்கள்.

• பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால்தான் திருப்பிக் கேட்கலாம். நம் தணிக்கைக்கும் அது வேண்டும்.

• வாங்கின அன்றே சோதியுங்கள். வேறு இடத்திலும் இருக்கிற வீடியோக்களைத் திரும்பத் திரும்பக் காப்பி செய்து டிரைவை முழுக்க நிரப்புங்கள். வெளியே எடுத்து மறுபடி செருகி, முதலில், நடுவில், கடைசியில் உள்ளவற்றைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் நல்ல பொருள். பிறகு அழித்துவிட்டுப் பயன்படுத்தலாம். மெமரி கார்டுக்கும் இதே சோதனைதான்.

மறக்கக் கூடாத மூன்று சொல்: காப்பி, சரிபார், அழி

வங்கியில் பணம் கட்டினால் பாஸ்புக்கில் வரவு வைத்ததைப் பார்க்காமல் வெளியே வருவோமா? கோப்புக்கும் அதே ஒழுங்கு. முதலில் காப்பி செய்யுங்கள். இரண்டாவது, போன இடத்தில் திறந்து சரிபாருங்கள். அதன் பிறகே லேப்டாப்பில் அழியுங்கள். "கட்" வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. லேப்டாப்பில் அழித்துவிட்டு ஹார்டு டிஸ்க்கில் மட்டும் வைத்தால், அது இடம் மாறியதே தவிரப் பாதுகாப்பு ஆகவில்லை. அப்போதும் ஒரே ஒரு காப்பிதான் இருக்கிறது. முக்கியமானது எதுவானாலும் இரண்டு இடத்தில் வையுங்கள். இரண்டையும் ஒரே பீரோவில் வைத்தால் வெள்ளமோ தீயோ வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று கூகுள் டிரைவிலோ தலைவி வீட்டிலோ இருக்கட்டும்.

ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போக ஒரு சின்னப் பென் டிரைவைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் நகல் உள்ள டிரைவை வெளியில் எங்கும் செருகக் கூடாது. வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். நம்மை நம்பிக் கொடுத்த விவரங்கள் அடுத்தவர் கம்ப்யூட்டரில் தங்கிவிடவும் கூடும்.

வேலை முடிந்ததும் "படக்" என்று பிடுங்காதீர்கள். திரையின் வலது கீழ்மூலையில் பாதுகாப்பாக எடுப்பதற்கான அடையாளம் இருக்கும். அதை அழுத்தி, எடுக்கலாம் என்று சொன்ன பிறகே எடுங்கள்.

நாங்கள் இப்போது என்ன செய்கிறோம்?

கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு, இரண்டு கடையில் விலைப்புள்ளி வாங்கி, பில்லோடு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கினோம். ஒரு உறுப்பினரின் மகன் தன் பழைய லேப்டாப்பைத் தந்தார். அதன் டிஸ்க் கேசிங்கில் போட்டு இரண்டாவது காப்பியாக இருக்கிறது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கணக்காளர் காப்பி எடுக்கிறார். பொறுப்பாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கோப்பையாவது திறந்து பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குழுவின் படத்தையும் பிரிண்ட் போட்டு அந்தக் குழுவிடமே கொடுத்து விடுகிறோம். அந்தப் பையனிடம் இல்லை என்று சொன்ன மாதிரி இன்னொரு பிள்ளையிடம் சொல்லும் நிலை வரக் கூடாது.

கையால் எழுதும் பேரேட்டை மட்டும் யாரும் நிறுத்தாதீர்கள். லேப்டாப் வந்துவிட்டதே என்று அதை நிறுத்தியிருந்தால், போன மார்ச்சில் நம் 14 குழுக்களின் சேமிப்புக்குக் கணக்கே இருந்திருக்காது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவின் கணக்கும் படங்களும் இப்போது எத்தனை இடத்தில் இருக்கின்றன? கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது?

2. நம் உறுப்பினர் வீடுகளில் ஓடாத பழைய லேப்டாப் எத்தனை கிடக்கிறது?

3. கூட்டமைப்பின் ஜிமெயில் யார் நம்பரில் இருக்கிறது?

4. நம் குழுவில் ஒரு மாதத்துக்கு எத்தனை படம் எடுக்கிறோம்? மேலே போட்ட கணக்கைப் போல உங்கள் குழுவுக்கும் போட்டுப் பாருங்கள்.

விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள். ரூபாய் ரூபாயாகச் சேர்த்த பணத்தைப் பத்திரமாக வைக்கத் தெரிந்த நமக்கு, அதன் கணக்கையும் பத்திரமாக வைக்கத் தெரியும். சேர்ந்து செய்வோம்!